காலடி எந்தப் பக்கம்

பெய்யூ ஹெட்போனைத் திருப்பி மாட்டியிருந்தாள். இடது காதுக்கானது வலது காதிலும், வலது காதுக்கானது இடது காதிலும் இருந்தன. கடைக்கார ஜியென் அண்ணன், வாங்க வருகிறவர்களுக்குப் போட்டுக் காட்டவென்றே வைத்திருக்கும் ரயில் சத்தத்தை ஓடவிட்டிருந்தார். இடது கோடியில் கிளம்பி, தலைக்குள் புகுந்து, வலது கோடியில் போய் மறைகிற ரயில் அது. கேட்கிறவர்கள் தங்களுக்கே தெரியாமல் முகத்தை இடமிருந்து வலமாகத் திருப்புவார்கள். திருப்பி மாட்டியவர்களாக இருந்தால் வலமிருந்து இடமாகத் திருப்புவார்கள். பெய்யூ எந்தப் பக்கமும் திரும்பவில்லை. நேரே பார்த்தபடி, சிரித்த முகமாக, "நல்லா இருக்கு. ரொம்பத் தெளிவா இருக்கு" என்றாள். ஜியென் அண்ணன் என்னைப் பார்த்தார். நான் அவர் கையிலிருந்த, ஜவ்வரிசி உருண்டை போட்ட முத்துத் தேநீரைப் பார்த்தேன்.

என் மனைவிக்கு இடது காது கேட்காது. எப்போதிலிருந்து என்று எனக்குச் சரியாகத் தெரியாது. புத்தாண்டுக்கு முன்னாலேயே போயிருக்கவேண்டும். ஏனென்றால் புத்தாண்டு அன்று தெருவில் சரவெடி கொளுத்தியபோது அவள் ஒரு காதை மட்டும்தான் பொத்திக்கொண்டாள். அன்றைக்கு நான் அதைப் பார்த்தும் பார்க்காதவன். பிறகுதான் ஞாபகத்துக்கு வந்தது. இதை அவள் என்னிடம் சொல்லவில்லை. எனக்குத் தெரியும் என்பதை நானும் அவளிடம் சொல்லவில்லை. இந்த லட்சணத்தில் இரண்டு பேரும் சனிக்கிழமை மத்தியானம் ஹெட்போன் வாங்க வந்து நிற்கிறோம் என்றால், எங்களை மாதிரி ஒரு ஜோடியைத் தைப்பே முழுக்கத் தேடினாலும் கிடைக்காது.

நாங்கள் சந்தித்ததே ஹெட்போனோடுதான். கல்லூரிக்குப் பின்னால் இருந்த இன்டர்நெட் கடையில், எட்டு நாற்காலி தள்ளி உட்கார்ந்திருந்த யாரோ ஒரு பெண் என் உயிரைக் காப்பாற்றினாள். "வறுத்த வாத்து, உனக்கு வலது பக்கம் மாடிப்படில ஒருத்தன் வர்றான்" என்று காதுக்குள் ஒரு குரல். வறுத்த வாத்து என்பது அந்தத் துப்பாக்கிச் சண்டை ஆட்டத்தில் நான் வைத்துக்கொண்ட பெயர். பசியோடு இருந்தபோது பதிவு செய்தது. இருபது வருஷமாக அதுவே நிலைத்துவிட்டது. அவள் எங்கள் அணிக்குக் கேப்டன். எதிரி எந்த மாடியில், எந்தக் கதவுக்குப் பின்னால், செருப்பா பூட்ஸா என்பதுவரை காலடிச் சத்தத்தை வைத்துச் சொல்லிவிடுவாள். நானோ பல்செட் செய்கிறவன். நாள் முழுக்கப் பல் ராவுகிற இயந்திரத்தின் முன்னால் உட்கார்ந்து உட்கார்ந்து, என் காது ஒரு சுமாரான காது. கண்ணும் கையும் நான், காது அவள் என்று எங்கள் குடித்தனம் நடந்துகொண்டிருந்தது. சனிக்கிழமை சாயங்காலம் அவளுடைய அம்மா வந்தாலும் ஒரு ஆட்டம் முடிந்த பிறகுதான் கதவு திறக்கும்.

மூன்று மாதமாக நாங்கள் தோற்றுக்கொண்டிருந்தோம். சாதாரணத் தோல்வி இல்லை. பக்கத்தில் வந்து நின்று சுடுகிறவனைக் கூட அவள் கவனிக்காமல் விட்டாள். "இந்த ஹெட்போன் போச்சுடா. கர்ருன்னு ஒரே இரைச்சல்" என்று சொன்னாள். பிறகு படம் பார்ப்பதையும் நிறுத்தினாள். பாத்திரம் கழுவும்போது கேட்கிற பழைய பாட்டுகளையும் நிறுத்தினாள். எல்லாப் பழியையும் அந்த ஹெட்போனே சுமந்தது. நான் உண்மையிலேயே நம்பி, "அவ்வளவுதானே கேப்டன், கல்யாண நாளைக்குப் புதுசு வாங்கிடலாம். ஆட்டம், பாட்டு, படம் மூணுக்கும் ஆகிற மாதிரி நல்லதா ஒண்ணு" என்று வீரமாக அறிவித்துவிட்டேன். அவள் முகம் ஏன் அப்படி வாடியது என்று அப்போது விளங்கவில்லை.

விளங்கியது அந்தப் பச்சைப் பொட்டலத்தால். எங்கள் ஊரில் இயந்திரம் என்று ஒன்று இருந்தால் அதன் தலைமேல் ஒரு பச்சைப் பொட்டலம் இருக்கும். உள்ளே தேங்காய் மணக்கிற சோளப்பொரி. அந்தத் தின்பண்டத்தின் பெயருக்கு அர்த்தமே 'சமர்த்தா இரு' என்பதுதான். பணம் எடுக்கிற இயந்திரம், மருத்துவமனைக் கருவி, நான் பல்செட் சுடுகிற சூளை, எல்லாவற்றுக்கும் உண்டு. பச்சை நிறம்தான் வைக்கவேண்டும். காலாவதியாகக் கூடாது. முக்கியமாக அதை யாரும் தின்னக் கூடாது. தின்றால் இயந்திரம் படுத்துவிடும். பெய்யூ ஒரு பேருந்து நிறுவனத்தின் கணினி அறையைக் கவனித்துக்கொள்கிறாள். கோயில் வாசலில் என்னை விட்டுவிட்டு எதிர்க் கடையில் காப்பி குடிக்கிறவள். ஆனால் தன் இயந்திரங்களின் பொட்டலங்களை மட்டும் தேதி பார்த்து மாற்றிவிடுவாள். "நம்பிக்கை எல்லாம் இல்ல. வைக்காம இருக்கத் துணிச்சல் இல்ல" என்பாள்.

போன ஞாயிற்றுக்கிழமை தலையணை உறை மாற்றப் போனேன். அவளுடைய தலையணைக்குள், இடது பக்கமாக, ஒரு பச்சைப் பொட்டலம். எனக்குக் கொழுப்பு இருக்கிறது என்று டாக்டர் சொன்னதிலிருந்து வீட்டில் பொரி, வறுவல் எதுவும் கண்ணில் படாது. சரி, இவள் எனக்குத் தெரியாமல் ஒளித்துவைத்துத் தின்கிறாள், மாட்டினாயா என்று நினைத்துக்கொண்டு, கட்டில்மேலேயே உட்கார்ந்து, பிரித்து, முழுவதையும் தின்று தீர்த்தேன். துணி எடுத்துவரப் போனவள் உள்ளே வந்தாள்.

"என்னது அது?"

"கள்ளி. தலகாணிக்குள்ள ஒளிச்சு வச்சிருக்க. நல்லா மொறுமொறுன்னு இருந்துச்சு."

"எல்லாத்தையும் தின்னுட்டியா?"

துணிகளை மடியில் போட்டுக்கொண்டு கட்டிலின் ஓரத்தில் உட்கார்ந்தாள். திட்டவில்லை. "சரி, வேற வாங்கிக்கலாம்" என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். சோளப்பொரிக்காக யாரும் அப்படி உட்காரமாட்டார்கள். நான் சமையலறையில் போய்த் தண்ணீர் குடித்தபடி யோசித்தேன். தலையணைக்குள் என்ன இயந்திரம் இருக்கிறது? வலது பக்கம் ஒருக்களித்துப் படுத்தால் கொஞ்ச நாளாக அவளுக்கு அலாரம் கேட்பதில்லை. நடக்கும்போது என்னை இழுத்து வலது பக்கமாக விட்டுக்கொள்கிறாள். சரவெடி. கர்ரென்ற இரைச்சல். நான் மெதுவாகத் திரும்பி வந்து, அவளுக்கு இடது பக்கமாக நின்றுகொண்டு, சன்னமாக, "கேப்டன், அடுப்புல தீப்பிடிச்சிருச்சு" என்றேன். அவள் என் பனியனை அழகாக மடித்து வைத்தாள். வலது பக்கம் போய் அதையே சொன்னேன். பதறி எழுந்தாள். "சும்மா சொன்னேன்" என்றேன். பிறகு குளியலறைக்குப் போய்க் குழாயைத் திறந்துவிட்டு அழுதேன். அவள் காது போனதற்காக அழுதேனா, பொட்டலத்தைத் தின்றதற்காக அழுதேனா என்று கேட்டால் இரண்டுக்கும்தான். எனக்கும் பொட்டலத்தில் எல்லாம் நம்பிக்கை இல்லை. ஆனால் அந்தத் தேங்காய் மணம் இரண்டு நாள் தொண்டையைவிட்டுப் போகவில்லை.

ஏன் சொல்லவில்லை என்று அவளிடம் கேட்டிருக்கலாம். அவளுடைய தொழில் எனக்குத் தெரியும். கணினி அறையில் எது நின்றுபோனாலும் அவள் முதலில் யாருக்கும் சொல்லமாட்டாள். அணைத்துப் போடுவாள், கம்பியை மாற்றுவாள், பொட்டலத்தை மாற்றுவாள். ஓட ஆரம்பித்த பிறகுதான் மேலதிகாரிக்குத் தகவல் போகும். தன் காதையும் அப்படித்தான் வைத்துக்கொண்டிருந்தாள். நான் கேட்டுவிட்டால் அது பழுது என்று ஆகிவிடும். ஆகிவிட்டால் கேப்டன் நாற்காலியிலிருந்து எழுந்துவிடுவாள். அப்புறம் சனிக்கிழமைகளில் நாங்கள் இரண்டு பேரும் என்ன செய்வோம் என்று எனக்குத் தெரியவில்லை. சோபாவின் இரண்டு கோடிகளில் உட்கார்ந்துகொண்டு ஆளுக்கொரு போனைப் பார்க்கிற ஜோடிகளை எனக்குத் தெரியும். அந்தப் பயத்தோடுதான் கடைக்கு வந்தேன்.

"அழகி, அதைக் கழட்டுங்க. திருப்பிப் போட்டிருக்கீங்க" என்றார் ஜியென் அண்ணன். ஐம்பது வயதுக்காரர், கழுத்தில் ஒன்று, கையில் ஒன்று என்று ஹெட்போன்களோடேயே பிறந்தவர் போல இருந்தார். கணினிக் கடைகள் நிறைந்த அந்தக் கட்டடத்தில் எல்லாக் கடைக்காரர்களுக்கும் ஆண்கள் எல்லாரும் அழகர்கள், பெண்கள் எல்லாரும் அழகிகள். "அழகா, நீங்க சொல்லுங்க. எதுக்கு வேணும்?"

"ஆட்டத்துக்கு, பாட்டுக்கு, படத்துக்கு" என்றேன்.

"மூணுக்கும் ஒண்ணா? மாமியாருக்கும் பொண்டாட்டிக்கும் சேர்த்து ஒரே சட்டை எடுக்கற மாதிரி இருக்கு நீங்க கேக்கறது." அவர் மூன்றை எடுத்துக் கண்ணாடிப் பெட்டியின்மேல் வரிசையாக வைத்தார். "இது ஆட்டத்துக்கு. நல்லா மூடிக்கும், மைக் இருக்கு, எவன் எங்க வர்றான்னு புட்டுப் புட்டு வச்சிடும். பாட்டு கேட்டா பானைக்குள்ள பாடற மாதிரி இருக்கும். இது பாட்டுக்கு. பின்னாடி வலை போட்டுத் திறந்து விட்டிருக்கான், காத்து மாதிரி இருக்கும். ஆனா நீங்க கேக்கறது பக்கத்து வீட்டுக்கும் கேக்கும். இது கம்பி இல்லாதது, வெளிச் சத்தத்த அடைச்சிடும், படத்துக்கு அருமை. ஆனா ஆட்டத்துல துப்பாக்கி வெடிச்சு நீங்க செத்ததுக்கு அப்புறம்தான் சத்தம் வந்து சேரும்."

பெய்யூ சிரித்தாள். ஒவ்வொன்றாக மாட்டிப் பார்த்தாள். படத்துக்கானதை மாட்டியதும் மழை பெய்கிற ஒரு காட்சியை அவர் ஓடவிட்டார். தலையைச் சுற்றிலும் மழை பெய்யவேண்டும். அவள் தலையை வலது பக்கமாகச் சாய்த்துக்கொண்டு, தன்மேல் பாதிதான் பெய்த அந்த மழையைக் கண்ணை மூடிக் கேட்டுக்கொண்டிருந்தாள். "இதுவும் நல்லா இருக்கு" என்றாள். எல்லாமே நல்லா இருக்கு என்றால் எதுவுமே கேட்கவில்லை என்றுதானே அர்த்தம். மிளகாய் போதவில்லை என்று நூடுல்ஸ் கடைக்காரனோடு பத்து நிமிஷம் வாதாடுகிறவள் அவள்.

அவள் கண்ணாடிப் பெட்டிக்குள் குனிந்து பார்க்க ஆரம்பித்ததும் நான் செய்த காரியத்தைச் சொல்ல எனக்கு வெட்கமாக இருக்கிறது. நகர்ந்து அவளுடைய இடது பக்கம் போய் நின்றேன். ஜியென் அண்ணனைப் பக்கத்தில் வரச் சொல்லி, தணிந்த குரலில் கேட்டேன்: "அண்ணே, ரெண்டு பக்கச் சத்தமும் ஒரே காதுல வர்ற மாதிரி ஏதாவது இருக்கா? இடது பக்கம் கேக்காதவங்களுக்கு."

அவர் ஒரு கணம் அவளைப் பார்த்தார். நல்ல மனிதர், குரலைத் தணித்துக்கொண்டார். "அதுக்குத் தனியா ஹெட்போன் எதுவும் வாங்க வேணாம் தம்பி. கம்ப்யூட்டர்லயே, போன்லயே இருக்கு. ரெண்டையும் ஒண்ணாக் கலந்து விட்டுடலாம். பாட்டுல ஒரு எழுத்து விடாம கேக்கும். படத்துல வசனமும் கேக்கும். ஆனா ஆட்டம்..." உதட்டைப் பிதுக்கினார். "சத்தம் கேக்கும். எந்தப் பக்கம்னு தெரியாது. எவ்வளவு விலை குடுத்தாலும் அது முடியாது."

"அவங்களுக்கு அதுதாண்ணே உசுரு" என்றேன்.

"கொஞ்சம் சத்தமாப் பேசலாமே" என்றாள் பெய்யூ, குனிந்தபடியே. "கண்ணாடியில உங்க ரெண்டு பேரு வாயும் நல்லாத் தெரியுது."

பெட்டிக்குள் பின்பக்கம் முழுக்க நிலைக்கண்ணாடி பதித்திருந்தார்கள். அடுக்கி வைத்த ஹெட்போன்களுக்கு நடுவில் மூன்று தலைகள் தெரிந்தன. குனிந்திருந்த தலை என்னையே பார்த்துக்கொண்டிருந்தது. ஜியென் அண்ணன், பக்கத்துக் கடையில் ஏதோ கேட்கவேண்டும் என்று முணுமுணுத்துவிட்டு நழுவினார்.

"எப்பத் தெரியும்?" என்று கேட்டாள்.

"பொட்டலத்தத் தின்ன அன்னிக்கு."

"எனக்கும் அன்னிக்கே தெரியும், உனக்குத் தெரிஞ்சு போச்சுன்னு. அடுப்புல தீன்னு எவனாவது அவ்வளவு நிதானமாச் சொல்லுவானா? அதோட விட்டியா? அதுக்கப்புறம் வாரம் முழுக்க இடது பக்கம் வந்து வந்து எதையோ சொல்லிட்டுப் போற. நேத்து சாப்பிடறப்ப என்ன சொன்ன?"

நேற்று நான் சொன்னதை இங்கே எழுதமாட்டேன். கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் அவளுடைய கேட்கிற காதில் சொல்லத் துணியாத ஒன்று. "பீன்ஸ்ல உப்பு இல்லன்னு சொன்னேன்" என்றேன்.

"நேத்து பீன்ஸே இல்ல." அவள் நிமிர்ந்தாள். கண் கலங்கியிருந்தது. "சரியானதும் சொல்லலாம்னு இருந்தேன் வாத்து. லேட்டா வந்துட்டீங்கன்னு டாக்டர் சொன்னாரு. காது அடைச்ச மாதிரி இருக்கு, சளியா இருக்கும்னு நானே விட்டுட்டேன். புது சர்வர் மாத்தற வாரம். என் இயந்திரத்துல ஒரு விளக்கு மஞ்சளா எரிஞ்சா நடுராத்திரி ஓடுவேன்ல? இதுக்கு ஓடல."

"சரியாகலன்னா சொல்லியே இருக்கமாட்டியா?"

அவள் ஆட்டத்துக்கான ஹெட்போனைக் கையில் எடுத்து, அதன் இரண்டு பக்கங்களையும் விரித்துச் சுருக்கினாள். "நீ ஆட்டத்துல அந்தச் சின்னப் பசங்க அணியில சேர்ந்துக்கோ. அவங்க ரொம்ப நாளாக் கூப்பிடறாங்கல்ல. நான் பாட்டு மட்டும் கேட்டுக்கறேன். காலடிச் சத்தம் தெரியாத கேப்டன வச்சுக்கிட்டு நீ எத்தன தடவதான் சாவ?"

"நான் எப்பவும் சாகறவன்தானே. உன் காது நல்லா இருந்தப்பவும் செத்துக்கிட்டுத்தான் இருந்தேன்" என்றேன். அவள் சிரிக்கவில்லை. அவள் சிரிக்காததுதான் என்னைப் பயமுறுத்தியது. அவள் விளையாட்டாகச் சொல்லவில்லை. முடிவெடுத்துவிட்டுத்தான் வந்திருக்கிறாள். இந்த ஹெட்போன் வாங்குவது என்பது கடைசி மரியாதை மாதிரி ஒன்று.

கடையின் மூலையில் ஆட்டத்தைப் போட்டுப் பார்ப்பதற்காக ஒரு கணினியும் இரண்டு முக்காலிகளும் இருந்தன. திரையில் எங்கள் ஆட்டம்தான் காத்திருந்தது. நான் அவள் கையைப் பிடித்து இழுத்துப் போய் உட்காரவைத்தேன். திரும்பி வந்த ஜியென் அண்ணனிடம் ஒரே துளையில் இரண்டு ஹெட்போன்களைச் செருகுகிற கம்பி கேட்டேன். அவர் எதுவும் கேட்காமல் எடுத்துத் தந்தார். ஆட்டத்துக்கான விலை உயர்ந்ததை நான் மாட்டிக்கொண்டேன். அவளுக்கு வலை வைத்த பாட்டு ஹெட்போன்.

"நீ ஆடு. நான் கேக்கறேன்" என்றேன்.

"உனக்கா? ரயில் போனாலே உனக்கு எந்தப் பக்கம்னு தெரியாது."

"கத்துக்கறேன். பேசிக்கிட்டிருந்தா நேரமாயிடும். இடது பக்கம் வந்தா இடது முழங்கால்ல தட்டறேன். வலதுன்னா வலது முழங்கால்."

"பப்ளிக்கா?"

"கட்டின பொண்டாட்டி முழங்கால்தானே."

முதல் ஆட்டத்தில் நான் படி ஏறுகிற சத்தத்தை மழை என்று நினைத்துவிட்டேன். செத்தாள். இரண்டாவதில் வலது என்று தெரிந்தும் அவசரத்தில் இடதைத் தட்டினேன். அவள் திரும்பியதும் முதுகில் சுட்டார்கள். "வாத்து! தூங்கறியா? காதுல என்ன பஞ்சா வச்சிருக்க?" என்று கத்தினாள். மூன்று மாதத்துக்குப் பிறகு கேட்ட திட்டு. பக்கத்துக் கடையில் விலை பேசிக்கொண்டிருந்தவர்கள் எட்டிப் பார்த்தார்கள். எனக்கு அவ்வளவு சந்தோஷமாக இருந்தது. "இன்னொரு தடவ போடு" என்றேன். "மெதுவாக் கேளு. மூச்சப் பிடிச்சுக்கோ. சத்தத்தத் தேடாத, அதுவா வரட்டும்" என்றாள் கேப்டன். முக்காலியை என் பக்கமாக இழுத்துப் போட்டுக்கொண்டாள்.

மூன்றாவது ஆட்டத்தில் நாங்கள் ஒரு பாழடைந்த பள்ளிக்கூடத்துக்குள் இருந்தோம். நான் மூச்சைப் பிடித்துக்கொண்டேன். எங்கோ சொட்டுகிற தண்ணீர், தூரத்தில் துப்பாக்கி. பிறகு, இத்தனை வருஷத்தில் முதல்முறையாக, அவள் எனக்குச் சொல்லிக்கொண்டே இருந்த அந்தச் சத்தம் கேட்டது. கண்ணாடித் துண்டுகளின்மேல் யாரோ நடக்கிறார்கள். இடது. நிச்சயமாக இடது. இடது முழங்காலில் தட்டினேன். அவள் திரும்பிய அதே நொடியில் கதவு திறந்தது, வந்தவன் விழுந்தான். வலது. தட்டினேன். இன்னொருவன் விழுந்தான். ஜியென் அண்ணன் தேநீரை உறிஞ்சுவதை நிறுத்திவிட்டு எங்கள் பின்னால் வந்து நின்றது நிழலாகத் தெரிந்தது. "எதை எடுத்துக்கறீங்க" என்று அவர் கேட்கவும் இல்லை, நாங்கள் இன்னும் எதையும் தேர்ந்தெடுக்கவும் இல்லை.

அப்போது அந்தச் சத்தம் மறுபடி வந்தது. இடதிலும் இல்லை, வலதிலும் இல்லை. மெதுவாக, குதிகாலை ஊன்றாமல், எங்களுக்கு நேர் பின்னால் யாரோ வந்துகொண்டிருந்தார்கள். பின்னால் என்றால் எந்த முழங்கால் என்று நாங்கள் பேசிவைத்திருக்கவில்லை. என் கை அவளுடைய இரண்டு முழங்கால்களுக்கும் நடுவே அந்தரத்தில் தவித்தது. காலடி நெருங்கியது. யோசிக்க நேரமில்லை, கையைத் தூக்கி அவள் முதுகின் நடுவில் உள்ளங்கையை வைத்தேன். சட்டைக்கு மேலேயே முதுகு சூடாக இருந்தது, வேகமாக மூச்சு வாங்கிக்கொண்டிருந்தது. பெய்யூ திரையில் சட்டென்று பின்பக்கம் திரும்பிச் சுட்டாள். அவன் விழுந்தான். நான் கையை எடுக்கப் போனேன்.

"எடுக்காத" என்றாள், திரையிலிருந்து கண்ணை எடுக்காமல். "பின்னாடி இன்னொருத்தன் இருப்பான்."